தெலங்கானா உண்ணாவிரதத்தால் கிடைத்ததா?

நண்பர் ஒருவர் அனுப்பிய கேள்வி இதுதான்: "சந்திரசேகர ராவ் 11 நாள் பட்டினி கிடந்தார், டெல்லி இறங்கி வந்தது, தெலங்கானா கிடைத்தது. மகாராஷ்டிராவின் விதர்பாவிலும் மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங்கிலும் எத்தனையோ காலமாகக் கேட்கிறார்களே, அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" உண்ணாவிரதத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், நண்பர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். தனி மாநிலம் கேட்கும் ஒரு பகுதிக்கு எது அதைப் பெற்றுத் தருகிறது, எது தடுக்கிறது என்பதுதான் அது. நான் 1999-லிருந்து 17 ஆண்டுகள் ஹைதராபாத்தில் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவன். வகுப்பில் பாதிப் பேர் ஊர்வலத்துக்குப் போய்விட்ட நாட்களையும், மீதிப் பாதி அதை எதிர்த்து வாதாடிய நாட்களையும் பார்த்தவன். என் அனுதாபம் தெலங்கானா பக்கம்தான் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டூரிலும் விஜயவாடாவிலும் உள்ள என் நண்பர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களையும் விடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

உண்ணாவிரதம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நடந்த 2009-ன் தொடக்கத்தில் ராவின் கட்சி எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். 2004-ல் காங்கிரஸோடு சேர்ந்து 26 சட்டமன்றத் தொகுதிகளையும் 5 மக்களவைத் தொகுதிகளையும் வென்ற தெலங்கானா ராஷ்டிர சமிதி, 2008-ல் தன் உறுப்பினர்களை ராஜினாமா செய்யவைத்து இடைத்தேர்தலைச் சந்தித்தது. 16 சட்டமன்ற இடங்களில் 7-ஐத்தான் திரும்பப் பிடிக்க முடிந்தது. 2009 பொதுத் தேர்தலில் 10 சட்டமன்ற உறுப்பினர்கள், 2 மக்களவை உறுப்பினர்கள் என்று சுருங்கியது. அந்த மே மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் "தெலங்கானா கதை முடிந்தது" என்று பேசிக்கொண்டவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழே மாதத்தில், டிசம்பர் 9 இரவு, உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் தனி மாநிலத்துக்கான நடைமுறை தொடங்கப்படும் என்று அறிவித்தார். கட்சி மிகப் பலவீனமாக இருந்தபோது இயக்கம் மிகப் பலமாக இருந்தது. இது எப்படி என்று புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நிஜாம் ஆண்ட ஹைதராபாத் 1948 செப்டம்பரில் இந்தியாவோடு சேர்க்கப்பட்டபோது அங்கே நிர்வாக மொழி உருது. ஆங்கிலமும் தெலுங்கும் எழுதத் தெரிந்த அலுவலர்கள் தேவைப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் ஆங்கிலப் படிப்பு படித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி கடலோர ஆந்திரத் தெலுங்கர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு 'முல்கி' என்று பெயர். அரசு வேலை முல்கிகளுக்கே என்று நிஜாம் காலத்து விதி ஒன்று இருந்தது. பொய்யான முல்கிச் சான்றிதழ் வாங்கி வேலைக்குச் சேர்கிறார்கள் என்று 1952-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது எழுந்த முழக்கங்களில் ஒன்று நம் காதில் விசித்திரமாக ஒலிக்கும்: "இட்லி சாம்பார் கோ பேக்!" சென்னையிலிருந்து வந்த எல்லோரையும், தெலுங்கரா தமிழரா என்று பார்க்காமல், அந்த நகரம் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. அந்த செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கவனியுங்கள், ஆந்திரப் பிரதேசம் என்ற மாநிலமே அப்போது கிடையாது. இணைப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பே சண்டைக்கான காரணம் தெருவில் பேசப்பட்டுவிட்டது.

பஸல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையமும் இதைப் பார்த்தது. 1955-ல் அது தந்த அறிக்கை, தெலங்கானாவை இப்போதைக்குத் தனி மாநிலமாக வைத்திருங்கள், 1961 வாக்கில் தேர்தல் முடிந்தபின் அதன் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு விரும்பினால் ஆந்திராவோடு சேரட்டும் என்றது. அறிக்கையில் ஒரு நிதிக் கணக்கும் உண்டு. ஆந்திராவில் மதுவிலக்கு, தெலங்கானாவில் கள், சாராயக் கலால் வரி ஆண்டுக்கு சுமார் 5 கோடி ரூபாய். நில வரியும் அங்கே கூடுதல். அதாவது இணைப்பு நடந்தால் பணமுள்ள பெட்டியும் பணமில்லாத பெட்டியும் ஒன்றாகும். டெல்லி இந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. பதிலாக 1956 பிப்ரவரி 20 அன்று இரு பகுதித் தலைவர்களும் டெல்லியில் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். கனவான்கள் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். முதல்வர் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தால் துணை முதல்வர் தெலங்கானாவிலிருந்து. அமைச்சரவையில் 60-க்கு 40. தெலங்கானாவின் உபரி வருவாய் தெலங்கானாவிலேயே செலவாக வேண்டும். வேலைக்கு 12 ஆண்டு குடியிருப்பு. மேற்பார்வைக்கு ஒரு வட்டாரக் குழு. நல்ல ஒப்பந்தம்தான், வரி வரியாகப் படித்தால் குறை சொல்ல முடியாது. இதையே ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கொடுத்து, "இதில் என்ன குறைகிறது?" என்று கேட்பேன். யாராவது ஒரு பெண்ணோ பையனோ கடைசியில் கண்டுபிடித்துவிடுவார்கள்: மீறினால் என்ன ஆகும் என்று எங்கேயும் எழுதவில்லையே, சார்.

மீறத்தான் செய்தார்கள், அதுவும் முதல் நாளிலேயே. 1956 நவம்பர் 1-ல் நீலம் சஞ்சீவ ரெட்டி தலைமையில் அமைந்த முதல் அரசில் துணை முதல்வர் என்று யாரும் இல்லை. வட்டாரக் குழு ஆலோசனை சொல்லலாம், ஆனால் பணப்பெட்டியின் சாவி அதனிடம் இல்லை. உபரி வருவாய் எங்கே போனது என்று 1960-களின் இறுதியில் குழு போட்டு எண்ணினார்கள். தொகையில் தகராறு இருந்தாலும் கோடிக்கணக்கில் தெலங்கானாவில் செலவாகாமல் போனது உறுதியானது. வேலைக்கான குடியிருப்புச் சட்டத்தை 1969-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு கொடுத்தவர்களிடமே அந்தப் பாதுகாப்பை நிறைவேற்றும் பொறுப்பும் இருந்தது, அவர்களுக்கோ சட்டமன்றத்தில் நிரந்தரப் பெரும்பான்மை. தெலங்கானாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் பாடமும் இதுதான், மிகப் பெரிய பாடமும் இதுதான். நல்ல எண்ணத்தில் எழுதிய காகிதம்கூட, மீறினால் முறையிட ஓர் இடம் இல்லாவிட்டால், பிற்காலத்தில் புண்ணாகத்தான் நிற்கும். ஒப்பந்தமே போடாமல் இணைத்திருந்தால் கோபம் இவ்வளவு நாள் நீடித்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. வறுமையைச் சகித்துக்கொள்கிற மக்கள், வாக்குத் தவறியதை மறப்பதில்லை.

1969-ல் பால்வஞ்சா, கொத்தகூடம் பக்கம் அனல்மின் நிலையத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை இல்லை என்று தொடங்கிய கிளர்ச்சி உஸ்மானியா பல்கலைக்கழகத்தைப் பற்றிக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 369 என்ற எண்ணிக்கை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது, அரசு ஏற்றுக்கொண்ட எண் அதைவிடக் குறைவு. மர்ரி சென்னா ரெட்டி தலைமையில் தெலங்கானா பிரஜா சமிதி 1971 மக்களவைத் தேர்தலில் 14 இடங்களில் 10-ஐ வென்றது. இந்திரா காந்தி அலை வீசிய தேர்தல் அது என்பதை நினைவில் வைத்தால்தான் இதன் அளவு புரியும். சரி, அப்புறம் என்ன ஆனது? சில மாதங்களிலேயே சமிதி காங்கிரஸில் கலந்தது. தெலங்கானாக்காரரான பி.வி. நரசிம்ம ராவ் முதல்வர் ஆனார். சென்னா ரெட்டியே 1978-ல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் முதல்வராக அமர்ந்தார். ஒரு தலைவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்த கோரிக்கையை அந்தத் தலைவரோடு சேர்த்து வாங்கிவிட முடிந்தது. ஜார்க்கண்டில் இதே கதை முன்னதாகவே நடந்திருக்கிறது. ஜெய்பால் சிங் முண்டா 1963-ல் தன் ஜார்க்கண்ட் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார், அந்த மாநிலம் பிறக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதையின் மறுபக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிஜாம் காலத்து முல்கி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, கிளர்ந்தெழுந்தது கடலோர ஆந்திரா. "சொந்த மாநிலத் தலைநகரத்தில் எங்களுக்கே வேலை இல்லையென்றால் எதற்கு இந்த மாநிலம்?" என்று அவர்கள் ஜெய் ஆந்திரா இயக்கம் நடத்தினார்கள். நரசிம்ம ராவ் அரசு விழுந்தது. நான் ஹைதராபாத்தில் சந்தித்த ஆந்திரப் பெரியவர்கள் பலரிடம் இந்தக் காயம் ஆழமாக இருந்தது. அதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு, அது நம் சென்னையில் இருக்கிறது. பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15-ல் உயிர் விட்டது சென்னையில். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சென்னை நகரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, கர்னூலில் கூடாரம் அடித்துத் தலைநகரம் நடத்தினார்கள். ஹைதராபாத்தின் ஆயத்தக் கட்டடங்கள் மீது 1956-ல் அவர்களுக்கு இருந்த விருப்பத்துக்கு அந்த இழப்பும் ஒரு காரணம். பிறகு ஐம்பது, அறுபது ஆண்டு உழைப்பையும் பணத்தையும் அந்த நகரத்தில் கொட்டி, 2014-ல் அதையும் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. தெலங்கானா மேடைகளில் 'ஆந்திரா முதலாளிகள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அங்கே வாடகை வீட்டில் இருந்த நெல்லூர் குமாஸ்தாவும் அதில் அடிபட்டார்.

1973-ல் ஆறு அம்சத் திட்டம் வந்தது, அரசியல் சட்டத்தில் 371-டி சேர்க்கப்பட்டது, வேலைகளுக்கு மண்டலம் பிரித்தார்கள், வட்டாரக் குழு கலைக்கப்பட்டது. இந்த முறை பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. அப்படியும் நடந்ததா? 1985 டிசம்பரில் என்.டி. ராமராவ் அரசு 610 என்ற எண்ணுள்ள அரசாணையைப் போட்டு, மண்டல விதியை மீறி அமர்த்தப்பட்டவர்களை 1986 மார்ச் 31-க்குள் திருப்பி அனுப்பச் சொன்னது. விதி மீறப்பட்டதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. 2001-ல், அதாவது 15 ஆண்டு கழித்து, அந்த ஆணை ஏன் நிறைவேறவில்லை என்று ஆராய கிர்க்லானி ஆணையம் அமைக்கப்பட்டது. என் மாணவர்களில் பலருக்கு அரசியல் சட்டத்தின் முகப்புரை மனப்பாடமாகத் தெரியாது, 610 என்ற எண் தெரியும். டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் அந்த எண் வரும். "நீள்ளு, நிதுலு, நியாமகாலு" என்று இயக்கம் மூன்று சொற்களில் தன் கோரிக்கையைச் சொன்னது: நீர், நிதி, பணி நியமனம். மூன்றுக்கும் பின்னால் நிறைவேறாத காகிதம் ஒன்று இருந்தது. அதனால்தான் ஒரு கிராமத்து ஆசிரியரால்கூட அதை எண்களோடு விளக்க முடிந்தது.

எண்ணில் அடங்காத ஒன்றும் இருந்தது. என் வகுப்பில் மகபூப்நகர் மாவட்டத்துப் பையன் ஒருவன், நன்றாகப் படிப்பவன், முதல் ஆண்டு முழுக்க வாயே திறக்கவில்லை. அந்த மாவட்டத்திலிருந்து மும்பைக்கும் பிற ஊர்களுக்கும் மண் வெட்டக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், அவன் அப்பாவும் அப்படிப் போனவர். அவனைத் தனியாக அழைத்துக் கேட்டபோது, "நான் பேசினால் சிரிக்கிறார்கள், சார்" என்றான். அவன் பேசியது உருது கலந்த தெலங்கானாத் தெலுங்கு. தெலுங்கு சினிமாவில் அந்தப் பேச்சு பல காலம் ரவுடிக்கும் கோமாளிக்கும்தான் கொடுக்கப்பட்டது, கதாநாயகனோ கடலோர ஆந்திராவின் கிருஷ்ணா, குண்டூர் மாவட்டங்களின் தெலுங்கைப் பேசுவான். மொழி ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்றாகிவிடும் என்ற மொழிவாரி மாநில நம்பிக்கைக்கு இதைவிடக் கடினமான சோதனை வரவில்லை. 2010-க்கு அப்புறம் அதே பையன் கல்லூரி வாசலில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுவதைக் கேட்டேன், அதே பேச்சுமொழியில், கொஞ்சமும் திருத்தாமல். என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணம் புள்ளிவிவரங்களைவிட அந்தப் பையன்தான்.

இனி 2009. அக்டோபரில் காவல்துறை வேலைவாய்ப்பில் ஹைதராபாத் எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாத பொது இடம் என்று பொருள்படும் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. அரசு ஊழியர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் முதல்வர் ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்ததால் எதிர்த்து நிற்க அந்தப் பக்கம் பலமான தலைவரும் இல்லை. இந்தச் சூழலில்தான் நவம்பர் 29 அன்று சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்கப் புறப்பட்டார், கைது செய்யப்பட்டார். மாணவர்கள் பொங்கியது அதற்குப் பிறகு. டிசம்பர் 9 அறிவிப்பு வந்ததும் ஆந்திரப் பகுதி உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ராஜினாமா செய்தார்கள், டிசம்பர் 23-ல் டெல்லி பின்வாங்கியது. உண்ணாவிரதத்தின் கணக்கு அன்றோடு முடிந்தது. கிடைத்தது பதினான்கு நாளில் கைவிட்டுப் போனது. மீதி நான்கரை ஆண்டைத் தாங்கியது வேறொன்று.

அது கூட்டு நடவடிக்கைக் குழு, எல்லோரும் 'ஜாக்' என்று சொல்வார்கள். உஸ்மானியாவில் அரசியல் அறிவியல் பேராசிரியரான கோதண்டராம் அதன் தலைவர். கட்சிகள் அதில் இருந்தன, ஆனால் அதன் எலும்புக்கூடு கட்சிகளால் ஆனதில்லை. அரசு ஊழியர், ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், மாணவர், சிங்கரேணிச் சுரங்கத் தொழிலாளர், அப்புறம் ஊர் ஊராக நெசவாளர், கள் இறக்குபவர், சலவைத் தொழிலாளர் என்று தனித்தனி ஜாக். தனி மாநிலம் கேட்டு உறுப்பினர்கள் ராஜினாமா செய்ததால் வந்த 2010 ஜூலை இடைத்தேர்தலில் 12 இடங்களில் 11 ராஷ்டிர சமிதிக்கும் 1 பாஜகவுக்கும் போயின. ராஜினாமா செய்யாத கட்சிகளுக்கு ஒன்றும் இல்லை. 2011 செப்டம்பர் 13 முதல் 42 நாள் 'சகல ஜனுல சம்மெ', அதாவது எல்லா மக்களின் வேலைநிறுத்தம். பேருந்து ஓடவில்லை, பள்ளி திறக்கவில்லை, நிலக்கரி வெட்டப்படவில்லை. நெடுஞ்சாலையில் அடுப்பு மூட்டிச் சமைத்து அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், 'வண்ட்டா வார்ப்பு' என்று அதற்குப் பெயர். நடுச்சாலையில் பூக்களை அடுக்கி பதுகம்மா ஆடுவார்கள். சம்பளம் இழந்து நின்ற இரண்டு நண்பர்கள் வீட்டுக்கு அந்த அக்டோபரில் போயிருந்தேன். கடன் வாங்கித்தான் தசரா கொண்டாடினார்கள், கட்சித் தலைவர் யாரையும் அவர்கள் பெரிதாகப் பேசவில்லை. 1971-ல் நடந்ததைத் திரும்ப நடக்கவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் வாயில் வந்தது. ஒரு தலைவரை வாங்கினால் இயக்கம் முடியாது என்ற நிலையை ஜாக் உண்டாக்கியது. என் பார்வையில் இரண்டாவது பாடம் இது.

அப்படியும் டெல்லி ஏன் கடைசியில் ஒப்புக்கொண்டது? இங்கே உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: அரசியல் சட்டம் மூன்றாவது பிரிவின்படி மாநிலத்தைப் பிரிக்க நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும், மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும், அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரி 30-ல் மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரி 18-ல் மக்களவையும் 20-ல் மாநிலங்களவையும் நிறைவேற்றின, ஜூன் 2-ல் மாநிலம் பிறந்தது. பாஜக ஆதரித்ததால்தான் எண்ணிக்கை வந்தது. ஊகம்: 2009-ல் அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்கு 33 மக்களவை உறுப்பினர்கள் கிடைத்திருந்தார்கள். ஜெகன்மோகன் ரெட்டி தனிக் கட்சி தொடங்கி 2012 ஜூன் இடைத்தேர்தலில் 18-ல் 15 சட்டமன்ற இடங்களை அள்ளியபோது, கடலோரம் கைவிட்டுப் போகிறது, தெலங்கானாவின் 17 இடங்களையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் தலைமை கணக்குப் போட்டிருக்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டதாக யாரும் எழுதிவைக்க மாட்டார்கள், அதனால் ஊகம் என்றே சொல்கிறேன். போட்டிருந்தால் தப்புக் கணக்கு. 2014-ல் தெலங்கானாவில் 2 இடம், ஆந்திராவில் பூஜ்யம்.

இந்த இடத்திலிருந்து விதர்பாவையும் டார்ஜிலிங்கையும் பாருங்கள். ஒன்றுபட்ட ஆந்திராவுக்கும் மேற்கு வங்கத்துக்கும் ஓர் ஒற்றுமை: இரண்டிலும் 42 மக்களவைத் தொகுதிகள், 294 சட்டமன்றத் தொகுதிகள். தெலங்கானாவின் பங்கு அதில் 17-ம் 119-ம். டார்ஜிலிங் மலைப்பகுதியின் பங்கு 1-ம் 3-ம். 2017-ல் மலையில் 104 நாள் முழு அடைப்பு நடத்தினார்கள், சகல ஜனுல சம்மெயைவிட இரண்டு மடங்குக்கும் மேல். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ அதனால் ஒரு தொகுதிகூட ஆட்டம் காணவில்லை. எல்லையோரப் பகுதி, சிலிகுரியின் குறுகிய நிலப்பட்டை என்ற பாதுகாப்புக் கவலை வேறு. 1988-ல் ஒரு மலை மன்றம், 2011-ல் இன்னொரு தன்னாட்சி நிர்வாகம் என்று கிளர்ச்சிக்கு ஒரு மன்றமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. தெலங்கானாவின் பழைய வட்டாரக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள், சாவி அதேபோல வேறு கையில். விதர்பா வேறு மாதிரி. 1955-ல் பஸல் அலி ஆணையம் தெலங்கானாவைப் போலவே அதையும் தனி மாநிலமாகப் பரிந்துரைத்தது, எண்ணிக்கையும் மோசமில்லை, 48 மக்களவை இடங்களில் 10. ஆனால் அங்கே கட்சிகளுக்கு வெளியே ஒரு ஜாக் உருவாகவில்லை. தேர்தல் நேரத்தில் தலைவர்கள் பேசுவார்கள், பதவி கிடைத்ததும் மும்பைக்குப் போய்விடுவார்கள். விதர்பாவைப் புத்தகம் வழியாகவும் இரண்டு மூன்று பயணங்கள் வழியாகவும்தான் எனக்குத் தெரியும், ஹைதராபாத்தைப் போல உள்ளிருந்து பார்த்ததில்லை. அந்த அளவுக்கு மட்டும் என் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்குரிய இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, தெலங்கானா பின்தங்கிய பகுதி என்ற வாதம். மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2010 டிசம்பரில் தந்த அறிக்கை பல அளவுகோல்களில் ஆந்திராவின் உள்பகுதியான ராயலசீமைதான் அதிகம் பின்தங்கியது என்று காட்டியது. குழுவின் முதல் விருப்பமும் மாநிலத்தைப் பிரிக்காமல் தெலங்கானாவுக்கு அதிகாரமுள்ள வட்டார மன்றம் தருவது, பிரிப்பது அடுத்த விருப்பம். தெலங்கானாவில் அந்த அறிக்கை எரிக்கப்பட்டது. எண்கள் தப்பு என்று நான் நினைக்கவில்லை. 54 ஆண்டு கழித்து இன்னொரு மன்றம் என்றால் யார் நம்புவார்கள்? பிரச்சினை அங்கேதான் இருந்தது. இரண்டாவது, மாணவர்களின் மரணங்கள். எத்தனை பேர் என்பதில் இயக்கத்தின் எண்ணும் அரசின் எண்ணும் சேரவில்லை, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தனி மாநிலக் கோரிக்கைதானா என்பதும் விவாதத்துக்குரியது. ஆனால் பல இளைஞர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களைத் தியாகிகள் என்று மேடையில் கொண்டாடியது அடுத்த பிள்ளையையும் அந்தப் பக்கம் தள்ளியது என்று நான் நம்புகிறேன். அன்றே இதை என் நண்பர்களிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். எந்த இயக்கமும் இதை மட்டும் தெலங்கானாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாநிலம் வந்த பிறகு என்ன ஆனது என்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். ஏரிகளைத் தூர்வாரினார்கள், 2018 முதல் விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் நேரடிப் பணம் போனது, மின்வெட்டு குறைந்தது. இவற்றை மறுக்க முடியாது. ஆனால் முதல் முதல்வர் தலித்தாக இருப்பார் என்ற வாக்கு காற்றில் போனது. சாலையில் பதுகம்மா ஆடி அடிவாங்கிய பெண்களின் மாநிலத்தில் 2019 செப்டம்பர் வரை ஒரு பெண் அமைச்சர்கூட இல்லை. 2017-ல் இந்திரா பூங்கா அருகே இருந்த தர்ணா சௌக்கை, இயக்கக் காலத்தில் எல்லோரும் உட்கார்ந்து போராடிய அதே இடத்தை, இயக்கத்திலிருந்து வந்த அரசே மூடியது. கோதண்டராம் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார், உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே திறந்தது. மாநிலம் கிடைத்த பிறகும் ஜாக் இருந்தது, ஆனால் பழைய பலத்தோடு இல்லை. அதைப் பலவீனமாக விட்டதுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டல விதியை மீறினால் கேட்க ஆளில்லாமல் இருந்த அதே நிலைமை, இப்போது சொந்த அரசுக்கு எதிரில் உண்டானது. 2023 தேர்தலில் 119-ல் 39 இடங்களே சந்திரசேகர ராவின் கட்சிக்குக் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் பெயரிலிருந்த தெலங்கானாவை எடுத்துவிட்டு பாரத் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிருஷ்ணா நதிக்கு அந்தப் பக்கத்தில் அதே பழைய பிழை திரும்ப நடந்தது. 2014 பிப்ரவரி 20 அன்று பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் ஆந்திராவுக்கு ஐந்தாண்டு சிறப்பு அந்தஸ்து தரப்படும் என்றார். பேச்சில் வந்தது, சட்டத்தில் எழுதப்படவில்லை. அடுத்து வந்த அரசு தரவில்லை. 2018-ல் தெலுங்கு தேசம் அதற்காகவே கூட்டணியை விட்டு வெளியேறி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது, பயனில்லை. விஜயவாடா நண்பர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "உங்கள் கனவான்கள் ஒப்பந்தம் இப்போது எங்கள் தலையில், சார்." அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நீர் விஷயம் இன்னும் ஓயவில்லை. ஒன்றுபட்ட மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட கிருஷ்ணா நீர் 811 டிஎம்சி. 2015-ல் இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து ஆந்திராவுக்கு 512, தெலங்கானாவுக்கு 299 என்று தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றுபட்ட மாநிலத்துக்குள் இருந்த நதிப்படுகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தங்கள் நிலத்தில் இருப்பதால் இது அநியாயம் என்கிறது தெலங்கானா. ஏற்கெனவே பாசனம் பெறும் டெல்டா வயல்களைக் காயப்போட முடியாது என்கிறது ஆந்திரா. 2023 அக்டோபரில் மத்திய அரசு இதை கிருஷ்ணா நீர்ப் பங்கீட்டுக்கான பிரிஜேஷ் குமார் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 1956-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தெலங்கானா தனக்குச் சேர வேண்டியதைத் தன் மாநில அமைச்சரவையிடமே கேட்டு நிற்க வேண்டியிருந்தது. இன்று ஒரு மாநிலமாக, தன் வழக்கறிஞர்களோடும் தன் பொறியாளர்களோடும், அந்தத் தீர்ப்பாயத்தின் முன் நிற்கிறது.